ஒரே மையில் எழுதிய தாள்கள்

போன ஆடியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு மாநிலத்தில் மயக்கவியல் மேற்படிப்புப் படிக்கும் பெண் எழுதியிருந்தார். சிசேரியனுக்குப் பிறகு வரும் வலியைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் வேலையில் இறங்கியிருக்கிறாராம். மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியபோது என் எம்.டி. தீசிஸும் ஏறியிருக்கிறது, அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ‘மாஸ்டர் சார்ட் பக்கங்கள் மங்கலாக இருக்கின்றன சார். மூலத் தாள்கள் கிடைத்தால் உதவியாக இருக்கும்’ என்று கேட்டிருந்தார்.

மாஸ்டர் சார்ட் என்பது எல்லா நோயாளிகளின் அளவுகளையும் தொகுத்த அட்டவணை. அதன் மூலத் தாள்கள் இருந்தன. பரணில், டிரங்குப் பெட்டியில், நோயாளிக்கு ஒன்றாக நிரப்பிய அறுபது ப்ரொஃபார்மாவும் சணல் போட்டுக் கட்டியபடி கிடந்தன. இரண்டு வீடு மாறியும் அந்தக் கட்டை நான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதில்லை. பிரித்துப் பார்த்ததும் இல்லை.

2006-இல் தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு பி.ஜி. தீசிஸ் தலைப்பைக் கைடு கொடுப்பார், நாங்கள் வாங்கிக்கொள்வோம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது ஊரறிந்த விஷயம். அதற்கு வழக்கமாகப் போடுவது பூபிவக்கெய்ன், 2 மி.லி. போல. இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேலை தேயத் தொடங்கும். வெட்டிய இடம் விழித்துக்கொள்ளும். அதோடு துளி குளோனிடின் சேர்த்தால் வலியில்லாத நேரம் நீளுமா என்பதுதான் என் ஆய்வு. குளோனிடினின் கதையே தனி. 1960-களில் மூக்கடைப்புக்கு மருந்து தேடியவர்கள் கையில் அகப்பட்டு, ரத்த அழுத்த மாத்திரையாகி, அங்கிருந்து முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது.

முப்பது தாய்மாருக்குக் குளோனிடின் சேர்த்து, முப்பது பேருக்குச் சேர்க்காமல். யாருக்கு எது என்று மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லும். ஆபரேஷன் முடிந்த 2, 4, 6, 8, 12, 24-ஆம் மணிகளில் நான் வார்டுக்குப் போய் 10 செ.மீ. கோடு போட்ட ஓர் அட்டையைக் காட்ட வேண்டும். இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்கவே முடியாத வலி. அவர்கள் விரல் வைக்கும் இடத்தை அளந்து கட்டத்தில் எழுத வேண்டும். வலிக்கு முதன்முதலில் ஊசி கேட்ட நேரத்தையும் குறிக்க வேண்டும். தலைப்பில் ‘டபுள் பிளைண்ட்’ என்று வேறு போட்டிருந்தோம்; யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. உறையைப் பிரித்து மருந்து ஏற்றியவனும் நான், அளந்தவனும் நான். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்ற பொருளில் வேண்டுமானால் அது சரி.

முதல் பத்துப் பதினைந்து பேரிடம் ஒழுங்காகத்தான் கேட்டேன். அட்டையின் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. ஓர் அம்மா கோட்டைப் பார்த்துவிட்டு, “இதுல எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்றார். இன்னொருவர் எப்போது போனாலும் நட்டநடுவில் விரல் வைத்தார், யாருக்கும் வம்பு வேண்டாம் என்பதுபோல. “வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு?” என்றதும், மார்க்கு என்றால் கூடச் சொல்வதுதானே நல்லது என்று, “பத்துக்குப் பத்து சார்” எனச் சிரித்தவரும் உண்டு. ஒரு பாட்டி, பேத்தி வாயைத் திறக்குமுன் குறுக்கே புகுந்து, “ரூவாய்க்குப் பன்னெண்டணா வலி இருக்குய்யா” என்றார். 7.5 என்று எழுதிக்கொண்டேன். அந்த அறுபது தாள்களில் ஆகத் துல்லியமான அளவு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எண்ணை விட்டுவிட்டு, எப்படி வலிக்கிறது என்று கேட்டால் கொட்டுவார்கள். தையல் போட்ட இடம் ‘சுருக்கு சுருக்குங்குது’. பிள்ளை பால் குடிக்கும்போது அடிவயிறு ‘இழுத்துப் புடிக்குது’. வாயு சேர்ந்தால் ‘குடையுது’. முதுகு ‘கடுக்குது’. இவை ஒரே வலிக்கு நான்கு பெயர்கள் இல்லை. பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்குவதால் வருவது ஒன்று. தோலும் தசையும் வெட்டுப்பட்டதால் வருவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி கேட்காது. ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளில் 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வகை பிரித்திருக்கிறார். எங்கள் வார்டில் ஒரு வாரம் பாய் போட்டு உட்கார்ந்தால் தமிழில் அதற்குக் குறையாமல் தேறும். என் ப்ரொஃபார்மாவில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. படுத்திருக்கும்போது மட்டும்தான் கேட்டேன் என்பது வேறு. பிள்ளையை எடுக்கப் புரளும்போது கேட்டிருந்தால் எண்ணே வேறாக இருந்திருக்கும்.

டூட்டி 24 மணி நேரம். சில நாள் அது 36 ஆகும். மாலை ஐந்துக்கு ஆபரேஷன் முடிந்தால் எட்டாம் மணிக் கட்டம் இரவு ஒன்றுக்கு வரும். அப்போது நான் தியேட்டரில் அடுத்த கேஸின் தலைமாட்டில் நிற்பேன். இல்லாவிட்டால் டூட்டி ரூமில் ஷூவைக் கழற்றாமல் விழுந்து கிடப்பேன். முதல் தடவை ஒரே ஒரு கட்டம் விட்டுப்போனது. ஆறாம் மணியில் 2, பன்னிரண்டாம் மணியில் 4, அப்படியானால் நடுவில் 3 என்று காலையில் போட்டேன். கணக்குப் பாடம்போல நியாயமாகவே பட்டது. அடுத்த வாரம் இரண்டு கட்டங்கள். பிறகு மாலைக் கேஸ் என்றாலே இரவுக் கட்டங்களைக் காலையில் டீ குடித்துக்கொண்டே நிரப்புவது பழக்கமாயிற்று. குளோனிடின் குரூப்பா, 2, 2, 3. மற்றதா, 3, 4, 5. மருந்து வேலை செய்யும் என்று புத்தகம் சொல்கிறது. நான் புத்தகத்துக்கு ஒத்தாசை செய்தேன்.

உறுத்தவில்லையா என்றால், உறுத்தாமல் இருக்க ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் வகுப்பில் ஹென்றி பீச்சரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஹார்வர்டில் மயக்கவியல் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போன்ற முனைகளில் படுகாயத்தோடு வந்த வீரர்களைக் கவனித்தவர். எலும்பு நொறுங்கி, வயிறு துளைபட்டு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் வலி மருந்து கேட்கும் நிலையில் இல்லை என்று 1946-இல் எழுதினார். செத்துப்போகாமல் போர்க்களத்தைவிட்டு வந்துவிட்டோம் என்ற நிம்மதி வலியை அமுக்குகிறது என்பது அவர் கருத்து. “நம்ம வார்டும் அதே மாதிரிதான்யா” என்பார் பேராசிரியர். “பிள்ளை முகத்தைப் பாத்த சந்தோஷத்துல தாய்க்கு வலி தெரியாது. எத்தனை பேர் ஊசி கேக்கறாங்க, நீயே சொல்லு.”

யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். பீச்சரின் கட்டுரையை நானே எடுத்துப் படித்தது பல வருஷம் கழித்து. அவருடைய முடிவைவிட அவர் பார்த்த வேலைதான் என்னைக் குத்தியது. போர்முனை ஆஸ்பத்திரியில் 215 பேரை ஒவ்வொருவராக, வலி எப்படி இருக்கிறது, ஏதாவது மருந்து வேண்டுமா என்று விசாரித்திருக்கிறார். டூட்டி ரூமிலிருந்து என் வார்டு நூறடி.

கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் ‘டைக்ளோ ஊசி, எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதுவோம். ஒரு லத்தீன் தொடரின் சுருக்கம் அது. தேவைப்பட்டால் போடவும் என்று பொருள். தேவைப்படுகிறது என்று யார் சொல்வது? வயிற்றில் தையலோடு கிடக்கும் இருபது வயசுப் பெண், நாற்பது கட்டிலுக்கு ஒற்றை ஆளாக நிற்கும் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘ஊரு உலகத்துல நீ மட்டுந்தான் பிள்ளை பெத்தியா?’ என்று பக்கத்துக் கட்டிலுக்கு விழுந்த பேச்சை அவள் ஏற்கெனவே கேட்டிருப்பாள். அவள் வாயைத் திறப்பாளா? வலி ஆய்வுகளில் ‘முதல் ஊசி கேட்ட நேரம்’ என்பது பெரிய அளவுகோல். நோயாளியின் கையிலேயே பொத்தானைக் கொடுத்து, அழுத்தினால் மருந்து இறங்கும்படி பம்ப் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் அதற்கு அர்த்தம் உண்டு. எங்கள் வார்டில் அந்த அளவுகோல் அளந்தது மருந்தின் நீளத்தை இல்லை, பயத்தின் நீளத்தை. மாஸ்டர் சார்ட்டில் ‘9 மணி நேரம்’ என்று பல இடங்களில் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் வலிக்கவில்லை என்றுதான் கணக்கில் சேர்த்தேன்.

கேட்டாலும் டைக்ளோ, மிஞ்சினால் டிரமடால். மார்ஃபின் எங்கள் வார்டுப் பக்கம் வந்ததில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸோடு அபின் விளைகிற நாடு இது; 1985 போதைப்பொருள் சட்டத்தின் காகிதக் கெடுபிடியில் அந்த மருந்து நம் நோயாளியை எட்டாமல் கிடந்தது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.

நாற்பத்தொன்றாம் கேஸ், 2007 பங்குனி. தலைப்பிரசவம். மாலை ஆறு மணிக்குத் தியேட்டரிலிருந்து வந்தாள். சுவரோரக் கட்டில். அன்றிரவு இரண்டு மணிக்கு, என்ன தோன்றியதோ, எழுந்து வார்டு வரைக்கும் போனேன். வாசலில் நின்றேன். பாதி டியூப்லைட்டை அணைத்திருந்தார்கள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், அசைவே இல்லை. கீழே பாயில் அவள் அம்மா, பக்கத்தில் துணி சுற்றிய பிள்ளை. நன்றாகத் தூங்குகிறாள், எழுப்புவானேன் என்று திரும்பிவிட்டேன். காலையில் எட்டாம் மணிக் கட்டத்தில் 2 என்று எழுதினேன். குளோனிடின் கொஞ்சம் கிறக்கமும் தரும் என்பதால் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதிலும் தூங்குகிறாள் என்பதற்கான எண்ணைப் போட்டேன். வாசற்படியிலிருந்து அளந்த இரண்டு எண்கள்.

பத்து மணி ரவுண்ட்ஸில் அந்தக் கட்டிலுக்கு வந்தபோது அவள் அம்மா எழுந்து நின்றார். கையில் ஓர் ஈரிழைத் துண்டு. “ராத்திரி பூரா இதைக் கடிச்சிட்டே கெடந்தா சார்” என்றார். குறை சொல்லும் குரல்கூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். துண்டின் ஒரு முனை முறுக்கி, எச்சில் காய்ந்து, கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது. பல் பட்ட இடத்தில் இழை விட்டு இரண்டு சின்ன ஓட்டைகள். “நர்சம்மாகிட்டச் சொல்றேன்னேன். வேண்டாம்மா, ஏசுவாங்கன்னுட்டா. அசைஞ்சாப் பிச்சிக்கிட்டுப் போகுதாம், அதான் ஆடாம அசையாமக் கெடந்தா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்து, “இப்பப் பரவால்ல சார்” என்றாள். நான் அவளை ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

உடனே டைக்ளோ எழுதினேன். எல்லோர் முன்னாலும் சிஸ்டரைச் சத்தம் போட்டேன், பிழை அவருடையது என்பதுபோல. அவர் பதில் பேசவில்லை. இரவு டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தவர். ப்ரொஃபார்மா என் கோட்டுப் பையில்தான் இருந்தது, பேனாவும் இருந்தது. 2-ஐ அடித்து 9 என்று எழுத அரை நிமிஷம் போதும். எழுதவில்லை. அவள் குளோனிடின் குரூப். 9 போட்டால் வரிசை கெட்டுவிடும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அந்த ஒரு கணத்தைத்தான். தூக்கக் கலக்கத்தில் நிரப்பிய கட்டங்களுக்கு டூட்டியைக் காரணம் காட்டலாம். அப்போது நன்றாக விழித்திருந்தேன்.

ரிசல்ட் பிரமாதமாக வந்தது. பி மதிப்பு 0.001-க்கும் கீழே. ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து. நன்றியுரையின் கடைசி வரியில், எல்லோரும் எழுதுவதுபோல, ஒத்துழைத்த நோயாளிகளுக்கு நன்றி. 2008 தேர்வில் வெளியூர் எக்ஸாமினர் மாஸ்டர் சார்ட்டைப் புரட்டி, “நீட் டேட்டா” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் ஸ்காட் ரூபன் விவகாரம் வெடித்தது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸைச் சேர்ந்த மயக்கவியலாளர். ஆபரேஷனுக்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட வகை மருந்துகளைக் கொடுத்து வலியை மடக்கும் முறைக்கு அவர் பெயர்தான் மேற்கோள்; செமினாரில் நானே ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறேன். அவருடைய 21 கட்டுரைகளில் தரவு இட்டுக்கட்டியது என்று 2009-இல் தெரியவந்தது. சிலவற்றில் நோயாளிகளே கிடையாது. 2010-இல் ஆறு மாதம் சிறை. அடுத்து ஜப்பானின் யோஷிடாக்கா ஃபுஜி. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தியைப் பற்றி ஆய்வுக்கு மேல் ஆய்வாக எழுதித் தள்ளியவர். ஜப்பான் மயக்கவியல் சங்கம் 2012-இல் விசாரித்து, 172 கட்டுரைகளில் பொய்த் தரவு என்று அறிவித்தது. மயக்கவியல் எத்தனை பெரிய துறை? இவ்வளவு சின்னத் துறையில் இவ்வளவு பெரிய புளுகு எப்படி என்று டீக்கடையில் நண்பர்கள் வியந்தார்கள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபுஜியை எண்களை வைத்தே மடக்கியவர்களில் ஒருவர் ஜான் கார்லைல், இங்கிலாந்தின் டார்கீ நகரில் வேலை பார்க்கும் மயக்க மருத்துவர். அவர் செய்தது எளிய காரியம். சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டு வரிசையாகப் பிரித்தால் வயசு, எடை, உயரத்தின் சராசரிகள் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். எவ்வளவு முன்னேபின்னே இருக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஃபுஜியின் 168 ஆய்வுகளில் அந்த ஏற்ற இறக்கம் இயற்கையில் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. உட்கார்ந்து எண் எழுதுகிறவன் தாறுமாறாக எழுதப் பயப்படுவான். அடக்கமாக, அண்டை அயலாக எழுதுவான். அதைப் படித்த இரவு தீசிஸின் பிரதியை எடுத்தேன். எட்டாம் மணி வலியின் திட்ட விலக்கம், அதாவது எண்களின் சிதறல், 0.4 என்று இருந்தது. முப்பது பெண்கள், முப்பது வயிறு, முப்பது விதமான பயம். எல்லோருடைய வலியும் தோளோடு தோள் ஒட்டி ரேஷன் கியூவில் நிற்கிறது. ரூபன், ஃபுஜி அளவுக்கு நான் போகவில்லை என்று அப்போதும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அளவு வேறுதான்.

குளோனிடின் முதுகில் வேலை செய்யத்தான் செய்கிறது. ஒழுங்காக நடந்த ஆய்வுகள் அதையே சொல்கின்றன. என் முடிவு சரி. இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

போன ஆடிக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்து, அறுபது தாளையும் கூடத்துத் தரையில் பரப்பினேன். எது உண்மை, எது டீயோடு நிரப்பியது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு நினைவிருக்காது என்று பயந்தேன். நினைவே தேவைப்படவில்லை. நேரில் போய்க் கேட்ட தாள்களில் கட்டத்துக்குக் கட்டம் மை மாறியது. ஓர் எண் ரெனால்ட்ஸ் நீலம். அடுத்தது சிஸ்டர் மேஜையில் நூல் போட்டுக் கட்டியிருந்த பச்சை. அதற்கடுத்தது யாரிடமோ இரவல் வாங்கிய சிவப்பு. ஒன்றில் சலைன் சொட்டி எழுத்து கரைந்திருந்தது. நிரப்பிய தாள்களில் 4 முதல் 12 வரை ஒரே கறுப்பு ஜெல் பேனா, ஒரே சாய்வு, கட்டத்தின் நடுவில் உட்காரவைத்த அழகான எண்கள். எண்ணினேன். 23 தாள்கள். நாற்பத்தொன்று அதில் ஒன்று.

அறுபதையும் போனில் படமெடுத்து, மின்னஞ்சல் எழுதிய அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். 23 தாள்களின் மூலையில் பென்சிலால் பெருக்கல் குறி. ஏன் என்று நாலைந்து வரியில் எழுதினேன். ஆய்வு முழுவதையும் விலக்கிவிடுவதுதான் முறை என்றும் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அவரிடமிருந்து மறுநாளே வந்தது. விலக்கிவிட்டதாகச் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார். அறிவுரை, ஆறுதல் எதுவும் இல்லை, நல்ல பெண். கீழே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்: ‘என் தீசிஸுக்கும் இப்போது ராத்திரி ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கிறேன் சார். நோயாளி தூங்கினால் எழுப்பிக் கேட்பதா, தூக்கம் என்று எழுதிவிட்டு வந்துவிடலாமா?’

பதில் எழுத வெகுநேரம் ஆயிற்று. உண்மையாகவே தூங்கினால் எழுப்ப வேண்டாம், தூக்கம் என்றே எழுதுங்கள், எண் போடாதீர்கள் என்று எழுதினேன். ஆனால் கட்டில் வரை போங்கள். விரல்கள் தளர்ந்திருக்கின்றனவா, எதையாவது இறுக்கிப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அந்தப் பக்கம் சுற்றிப் போய் முகத்தைப் பாருங்கள். சுவரோரக் கட்டில் என்றால் ஆள் நுழைய இடம் இருக்காது. கொஞ்சம் இழுத்துப் போட வேண்டியிருக்கும். மெதுவாக இழுங்கள், தையல் இருக்கிறது.